க்யூசி வேலைக்குப் போகிறீர்களா? முதலில் ஷாப்புக்குப் போங்கள்

மெக்கானிக்கல் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு உறவுக்காரர் யாராவது ஒருவர் சொல்லும் யோசனைகளில் இதுவும் ஒன்று: "க்யூசி கோர்ஸ் ஒண்ணு போடு, கல்ஃப் போயிடலாம்." க்யூசி என்றால் தரக் கட்டுப்பாடு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ரிஃபைனரி, அனல் மின் நிலையம், உரத் தொழிற்சாலை என்று குழாய் ஓடும் இடமெல்லாம் பைப்பிங், வெல்டிங் இன்ஸ்பெக்டர்கள் தேவைப்படுகிறார்கள். வளைகுடா சைட்களில் அந்த வேலையில் நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். பயிற்சி மையத்துக்குப் போனால் ஆர்டி, யுடி, எம்பிடி, டிபிடி என்ற என்டிடி சோதனைகள் (பொருளைச் சேதப்படுத்தாமல் செய்பவை), பைப்பிங், பெயிண்டிங் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக்கி, மூன்று வாரத்தில் ஃபைல் நிறையச் சான்றிதழ் தருவதாகச் சொல்வார்கள். அந்த ஃபைலோடு இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால், ஃபைலைத் திறக்கும் முன்பே கேள்வி வரும்: "ஆறு இன்ச், ஷெட்யூல் 40. தடிமன் எவ்வளவு?"

7.11 மில்லிமீட்டர். வெளி விட்டம் 168.3. ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் சில மாதம் நின்றவருக்கு இது வீட்டுக் கதவிலக்கம் போல வாயில் வந்துவிடும். மூன்று வார வகுப்பில் படித்தவர் கூரையைப் பார்ப்பார். இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிடும், மீதி நேரம் மரியாதைக்கு.

இந்தத் தொழிலுக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஷாப், அப்புறம் கோடு, கடைசியில் சான்றிதழ். பணம் கட்டுபவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

ஒரு ஜாயிண்ட்டைக் கூடவே இருந்து பாருங்கள்

வேலை என்னவென்று புரிய வேண்டுமானால் ஒரே ஒரு ஜாயிண்ட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை பின்தொடர்ந்தால் போதும். அதே ஆறு இன்ச் குழாயை எடுத்துக்கொள்வோம். மெட்டீரியல் ஏ106 கிரேடு பி, கார்பன் ஸ்டீல். கோடு ஏஎஸ்எம்இ பி31.3, ரிஃபைனரி மாதிரியான ஆலைக் குழாய்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது.

குழாய் ஷாப்புக்குள் வரும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. குழாயின் மேல் ஹீட் நம்பர் இருக்கும். கூடவே வரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். ஃபிட்டர் குழாயை இரண்டாக வெட்டியதும் எண் ஒரு துண்டோடு போய்விடும். இன்னொரு துண்டு பெயரில்லாத அனாதை. வெட்டுவதற்கு முன்பே அடுத்த துண்டுக்கும் எண்ணை மாற்றி எழுதச் சொல்வது க்யூசியின் வேலை. இது பெரிய விஷயமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பெரிய விஷயம்தான், கொஞ்சம் பொறுங்கள், காரணத்துக்கு வருகிறேன்.

அடுத்தது ஃபிட்-அப். பெவல் கோணம், ரூட் கேப் (அடியில் விடும் இடைவெளி), இரண்டு குழாயின் உள்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஹை-லோ கேஜால் ஒரு பார்வை, விளிம்பில் துரு, எண்ணெய், பெயிண்ட் இல்லாத சுத்தம். அனுபவப்பட்ட இன்ஸ்பெக்டர்கள் நேரத்தைச் செலவழிப்பது இங்கேதான். ஃபிட்-அப் கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல வெல்டராலும் ரூட்டைக் காப்பாற்ற முடியாது. ஜாயிண்ட் மூடிய பிறகு உள்ளே போன தப்பை ஃபிலிம்தான் காட்டும், அதற்குள் ஒரு ஷிஃப்ட் வேலை போயிருக்கும்.

ரூட் டிக் வெல்டிங்கில் போகும். அதன் மேல் இ7018 ராடு. இந்த ராடின் உயிர் அதன் வறட்சியில் இருக்கிறது. ஈரம் பிடித்தால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போகும், வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் ராடை ஓவனில் சுட்டு, சூடு குறையாமல் வைத்திருந்து, வெல்டர் கையில் இருக்கும் சின்ன ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்கிறார்கள். சைட்டில் சுற்றி வரும்போது அந்தச் சின்ன ஓவனின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் பிளக் எங்கே போகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அந்த பாயிண்ட்டில் யாருடைய செல்ஃபோனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

வெல்டு முடிந்ததும் கண் பரிசோதனை. கையில் டார்ச், பிரிட்ஜ் கேம் கேஜ். பி31.3இல் சாதாரண சர்வீஸ் குழாய்க்கு அண்டர்கட் 1 மி.மீ.க்கும் மிஞ்சக்கூடாது, சுவர்த் தடிமனில் கால் பங்குக்கும் மிஞ்சக்கூடாது; இரண்டில் எது குறைவோ அது. நம் குழாயின் கால் பங்கு 1.78, அதனால் 1 மி.மீ. தான் எல்லை. வெல்டின் மேல்முகடான கேப்பின் உயரம் 3 மி.மீ. வரை போகலாம். இதையே இரண்டு இன்ச் ஷெட்யூல் 40 குழாயில் பாருங்கள். தடிமன் 3.91 மட்டுமே, கேப்பின் எல்லை 1.5 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். காலையில் பெரிய குழாயில் பாஸ் போட்ட அதே கேப் உயரம் மதியம் சின்னக் குழாயில் ரிஜெக்ட். கண் பழகினால் போதும், அட்டவணை வேண்டாம் என்று நினைப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

அப்புறம் ரேடியோகிராஃபி. சாதாரண சர்வீஸுக்கு பட் வெல்டுகளில் குறைந்தது 5 சதவீதம் எடுக்கச் சொல்கிறது கோடு. எந்த 5 சதவீதம் என்பதில்தான் விளையாட்டு. ஃபோர்மேனிடம் விட்டால் நல்ல வெல்டரின் நல்ல ஜாயிண்ட்டாகப் பார்த்துத் தருவார். எல்லா வெல்டரின் வேலையும் அதில் வரும்படி தேர்வு செய்வது உங்கள் பொறுப்பு. ஒன்று ஃபெயிலானால் அந்த ஜாயிண்ட்டை ரிப்பேர் செய்வதோடு கதை முடியாது. அந்த லாட்டில் அதே வெல்டரின் இன்னும் இரண்டு ஜாயிண்ட்டைப் படம் எடுக்க வேண்டும். அவற்றிலும் தப்பு வந்தால் ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. அதுவும் ஃபெயிலானால் மொத்த லாட்டும் மேசைக்கு வரும்.

எல்லாம் முடிந்து டெஸ்ட் பேக்கேஜ் தயாரானதும் ஹைட்ரோ டெஸ்ட்: டிசைன் பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு, குறைந்தது 10 நிமிடம், ஒவ்வொரு ஜாயிண்ட்டாக நடந்து பார்க்க வேண்டும். பிரஷர் கேஜின் கேலிபரேஷன் தேதியைப் பார்க்காமல் டெஸ்டைத் தொடங்கினால், கிளையண்ட் தரப்பு ஆள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஹீட் நம்பருக்கு ஏன் இத்தனை பாடு?

2012 ஆகஸ்ட் 6. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் செவ்ரான் ரிஃபைனரியில் எட்டு இன்ச் குழாய் ஒன்று கிழிந்தது. வெளியேறிய ஆவி மேகத்துக்குள் 19 ஊழியர்கள் சிக்கி, உயிர் தப்பினார்கள். பிறகு தீப்பிடித்தது. புகையால் சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் மருத்துவமனைகளை நாடினார்கள்.

விசாரணையில் தெரிந்தது இது: சூடான எண்ணெயில் உள்ள கந்தகம் குழாயை உள்ளிருந்து அரித்திருக்கிறது. கார்பன் ஸ்டீலில் சிலிக்கான் குறைந்தால் இந்த அரிப்பு வேகமெடுக்கும். கிழிந்தது 52 அங்குல நீளத் துண்டு. அதில் சிலிக்கான் 0.01 சதவீதம்தான். அதை ஒட்டியிருந்த எல்போவில் 0.16. எல்போ ஓரளவு திடமாக இருக்க, பக்கத்துத் துண்டு காகிதமாக மெலிந்துவிட்டது. பல ஆண்டுகளாகத் தடிமன் அளந்தும் வந்திருக்கிறார்கள், ஆனால் அளக்கும் புள்ளிகள் எல்போ, ஃபிட்டிங் பக்கமே இருந்தன. கிழிந்த துண்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஏ106 குழாய்க்கு சிலிக்கான் குறைந்தது 0.10 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அதைப் போலவே தோற்றமளிக்கும் ஏ53 குழாய்க்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஹீட் நம்பரும் காகிதமும்தான் பிரிக்கும். குழாய் ஓட ஆரம்பித்த பிறகு அதைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் படிக்கும் ஏபிஐ 570 கோடு, புதுக் குழாயைப் பார்க்கும் பி31.3, இரண்டும் வெவ்வேறு வேலை என்பதும் இந்த ஒரு விபத்திலேயே விளங்கிவிடும்.

எங்கே தொடங்குவது?

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெல் தொழிற்சாலை 1960களில் வந்ததிலிருந்து துவாக்குடி வட்டாரத்தில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஃபேப்ரிகேஷன் ஷாப்கள் வரிசையாக முளைத்தன. பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. 'டபிள்யூஆர்ஐ' என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே நடக்கும் குறுகிய காலப் பயிற்சி எதிலாவது சேர முடிந்தால் யோசிக்காமல் சேருங்கள். சென்னைப் பக்கம் மணலி, எண்ணூர், தெற்கே கூடங்குளம், நடுவில் நெய்வேலி. இந்த இடங்களுக்கெல்லாம் வேலை செய்யும் கான்ட்ராக்டர்களிடம் ஜூனியர் க்யூசி, டாக்குமென்ட் கன்ட்ரோலர், ஏன், ஸ்டோர் உதவியாளராகக்கூட நுழையலாம். முதல் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்து ஓர் ஆண்டு உதவித்தொகையோடு பயிற்சி பெற முடியும். தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

ஷாப்பில் சேர்ந்த முதல் ஆறு மாதம் என்ன செய்ய வேண்டும்? ஐசோமெட்ரிக் டிராயிங் படிக்கப் பழகுங்கள். டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பூல் முன்னால் நின்று ஒவ்வொரு ஜாயிண்ட்டாக எண்ணுங்கள். வெல்டர் ஒருவரிடம் நட்பாக இருந்து, ஸ்கிராப் பிளேட்டில் நீங்களே ராடு பிடித்துப் பாருங்கள். அசிங்கமாகத்தான் வரும். ஆனால் ஸ்லாக் எப்படி உள்ளே மாட்டுகிறது, ஆர்க் நீண்டால் ஏன் போரோசிட்டி வருகிறது என்பதெல்லாம் அன்றைக்கு மண்டையில் ஏறிவிடும், பிறகு இறங்காது.

கூடவே மூன்று காகிதங்களைக் கரைத்துக் குடிக்க வேண்டும். எப்படி வெல்டு செய்ய வேண்டும் என்று சொல்வது டபிள்யூபிஎஸ். அப்படிச் செய்து, வெட்டி, இழுத்து, வளைத்துச் சோதித்ததற்கான அத்தாட்சி பிக்யூஆர். இந்த வெல்டரால் அதைச் செய்ய முடியும் என்பதற்கான தகுதிச் சீட்டு டபிள்யூபிக்யூ. மூன்றுக்கும் அடிப்படை ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9. குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்தி எடுக்கும் 6ஜி டெஸ்டில் தேறிய வெல்டரைக் குழாய் பட் வெல்டில் எல்லா நிலையிலும் விடலாம். ஆனால் அந்த வெல்டிங் முறையில் அவர் ஆறு மாதம் வெல்டு செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும். இதைக் கணக்கு வைப்பதும் க்யூசிதான். பாய்லர் குழாய் என்றால் இதற்கு மேல் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) தகுதியும் வேண்டும்.

எக்செல் தெரியாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். வெல்டு லாக், வெல்டர் வாரியாக ரிப்பேர் சதவீதம், எந்த லைன் எந்த டெஸ்ட் பேக்கேஜில் இருக்கிறது, எல்லாம் அதில்தான் ஓடும். ரிப்போர்ட் எழுத இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை, துல்லியம் வேண்டும். "வெல்டிங் தரமாக இல்லை" என்று எழுதினால் கான்ட்ராக்டர் சண்டைக்கு வருவார். "ஜாயிண்ட் 14, மூன்று மணி நிலையில், 40 மி.மீ. நீளத்துக்கு அண்டர்கட், ஆழம் 1.2, அனுமதி 1.0" என்று எழுதினால் சண்டை போட இடமே இல்லை.

சான்றிதழ்களின் உண்மை விலை

பயிற்சி மையங்கள் தரும் 'லெவல்-2' சான்றிதழ்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஏஎஸ்என்டி அமைப்பு வெளியிட்ட எஸ்என்டி-டிசி-1ஏ என்ற வழிகாட்டியின் பெயரில் வருபவை. அந்த வழிகாட்டி சொல்வதே வேறு: ஆளுக்குச் சான்று தர வேண்டியது அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். நிறுவனம் மாறினால் புது நிறுவனம் மறுபடி தகுதி பார்த்துச் சான்று தர வேண்டும். அதனால் மையம் தந்த தாளைப் பயிற்சி பெற்றதற்கான ஆதாரமாக வேண்டுமானால் காட்டலாம். அதை நம்பி யாரும் உங்களை மெஷின் முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அல்ட்ராசோனிக்குக்கு லெவல்-1க்கு 40 மணி நேரம், லெவல்-2க்கு மேலும் 40 மணி நேர வகுப்பு என்பது அந்த வழிகாட்டியின் பரிந்துரை. ரேடியோகிராஃபிக்கும் அதே. இந்த இரண்டுக்கு மட்டுமே 160 மணி நேரம்: தினம் எட்டு மணி நேரம் வீதம் 20 நாள். இதில் சைட் அனுபவ நேரம் சேரவில்லை. அது நூற்றுக்கணக்கான மணி நேரம். ஆறேழு பாடத்தையும் மூன்று வாரத்தில் எப்படி முடிக்கிறார்கள் என்று மையத்தில் கேளுங்கள்.

ரேடியோகிராஃபியில் இன்னொரு வேலி உண்டு. ஃபிலிமைப் படிப்பது வேறு, சோர்ஸைக் கையாள்வது வேறு. இரிடியம்-192 கதிர்வீச்சுப் பொருள். அதைத் தொட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற தனிப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். லெவல்-2 தாளை வைத்துக்கொண்டு யாராவது "கேமராவைப் பிடி தம்பி" என்றால் பிடிக்காதீர்கள்.

இரண்டு, மூன்று ஆண்டு ஆன பிறகு காசு போட வேண்டிய சான்றிதழ்கள் இவை: பிரிட்டனின் டிடபிள்யூஐ நடத்தும் சிஎஸ்டபிள்யூஐபி 3.1, அல்லது அமெரிக்காவின் ஏடபிள்யூஎஸ் நடத்தும் சிடபிள்யூஐ. வளைகுடா கிளையண்ட்கள் வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கு வழக்கமாகக் கேட்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். இரண்டுக்கும் அனுபவச் சான்று கேட்பார்கள். சிடபிள்யூஐ தேர்வு மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 72 சதவீதம் வேண்டும். அதன் ஆயுள் மூன்றாண்டு, சிஎஸ்டபிள்யூஐபிக்கு ஐந்து. ஓடும் ஆலையில் ஷட்டவுன் வேலைக்குப் போக விரும்பினால் ஏபிஐ 570. வெல்டிங் சான்றிதழையும் இதையும் ஒரே ஆண்டில் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை. என்டிடி பக்கம் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் சென்னை கிண்டியில் தலைமையகம் கொண்ட ஐஎஸ்என்டியின் பயிற்சிகளை விசாரியுங்கள்.

எதற்கும் பணம் கட்டும் முன் கண் டாக்டரிடம் போய்வந்துவிடுங்கள். அருகில் இருப்பதைப் படிக்கும் பார்வையையும் நிறப் பார்வையையும் இந்தச் சான்றிதழ்களில் பலவற்றுக்குக் கேட்பார்கள். கண்ணாடி போட்டுத் தேறினால் போதும். நிறப் பார்வைக் குறைபாடு இருந்தால் அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கையெழுத்து

இந்த வேலையில் எந்த வகுப்பிலும் சொல்லித்தராத பகுதி ஒன்று உண்டு. மாலை ஆறு மணி. கிளையண்ட் ஆள் கிளம்பும் நேரம். உங்கள் அப்பா வயது ஃபோர்மேன் வந்து நிற்பார். "சார், ஃபிட்-அப் ரிப்போர்ட்ல சைன் போட்டுக் குடுங்க. ரூட் கேப் கொஞ்சம் டைட்டா இருக்கு, நைட் ஷிஃப்ட்ல கிரைண்ட் பண்ணிடறோம்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், இன்றைக்கு எத்தனை இன்ச்-டயா முடிந்தது என்று கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கிரைண்ட் பண்ணிட்டுக் கூப்பிடுங்கண்ணே. எத்தனை மணியானாலும் வந்து பாக்குறேன்." சொன்னபடி இரவு பதினொரு மணிக்குப் போய் நிற்கவும் வேண்டும். போகாவிட்டால் அடுத்த முறை உங்கள் 'முடியாது' எடுபடாது. விதியைக் காட்டி வேலையை நிறுத்துகிற க்யூசியை சைட்டில் யாருக்கும் பிடிக்காது. நிறுத்தினாலும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கிறவரை மதிப்பார்கள். பார்க்காத ஜாயிண்ட்டுக்குக் கையெழுத்து போடும் பழக்கம் ஒருமுறை தொற்றினால் விடாது. அதற்குப் பிறகு உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வெற்றுத்தாள்தான்.

கடல் கடக்கும் முன்

வெளிநாட்டு வேலைக்கு உங்கள் பயோடேட்டா முதலில் கிளையண்டின் ஒப்புதலுக்குப் போகும். சான்றிதழ் எண்ணை வழங்கிய அமைப்பிடமே சரிபார்க்கிறார்கள், பழைய நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள். போலி அனுபவச் சான்று தயார் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் சிக்கினால் ஒரு வேலை மட்டும் போகாது, அந்த கிளையண்டின் எல்லாத் திட்டமும் உங்களுக்கு மூடிவிடும்.

ஏஜென்ட் விஷயத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா? கேட்கும் தொகைக்கு ரசீது தருவாரா? பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. "விசாவுக்கு ஒன்றரை லட்சம், ரசீது கிடையாது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.